வீடா, இரவுப் படிப்பா, நூலகமா, பம்புசெட்டா: பொதுத்தேர்வுக்கு எங்கே உட்கார்ந்து படிப்பது?

மார்ச் மாதம் டெல்டாவில் ஒரு தினுசான மாதம். சம்பா அறுவடை முடிந்து, வைக்கோல் போர் எல்லாம் போட்டாகிவிட்டது. வயலில் உளுந்தும் பயறும் காய் முற்றி நிற்கின்றன. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடிவிடுவதால் வாய்க்காலில் தண்ணீர் கிடையாது. வெயில் ஏற ஆரம்பித்துவிடும். இந்தச் சமயம் பார்த்துத்தான் பிளஸ் டூ பொதுத்தேர்வும், அதை ஒட்டியே பத்தாம் வகுப்புத் தேர்வும் வருகின்றன.

ஸ்டடி லீவு விட்ட முதல் நாளே வீட்டில் ஒரு பேச்சு எழும்: பிள்ளை எங்கே உட்கார்ந்து படிப்பது? பெற்றோர் பலர் இதைச் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். பாபநாசம் பக்கம் மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியன் நான். பிள்ளைகள் தேர்வு முடியும்வரை நிதானமாக இருப்பதும், பாதியில் கசங்கிப் போவதும் பெரும்பாலும் இந்த முடிவைப் பொறுத்துத்தான் என்று எனக்குப் படுகிறது. அதனால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்க்கலாம்.

அதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் தொந்தரவு பயமா, சுணக்கமா? புத்தகத்தைத் திறந்ததும் நெஞ்சு படபடத்து, "இன்னும் இவ்வளவு இருக்கே" என்று பின்பக்கங்களை எண்ணத் தோன்றினால் அது பயம். திறந்ததும் கொட்டாவி வந்து, பென்சில் சீவி, தண்ணீர் குடித்து, போனை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால் அது சுணக்கம். பயத்துக்குத் தேவை அமைதி. சுணக்கத்துக்குத் தேவை யாராவது தூண்டிவிடுவது. இரண்டையும் ஒருசேரக் கொடுக்கும் இடம் அநேகமாகக் கிடையாது. ஒன்றைக் கொடுக்கும் இடம் மற்றதைக் கொஞ்சம் பறித்துக்கொள்ளும். ஒரே வகுப்பில் முதல் மார்க் வாங்குகிற பெண் பயத்தில் தவிப்பதும், எதற்கும் அலட்டிக்கொள்ளாத பையன் சுணங்குவதும் உண்டு. இருவருக்கும் ஒரே யோசனையைச் சொல்லி அனுப்பினால் யாராவது ஒருவர் கெட்டுப்போவார்.

வீடு

வீட்டில் படிப்பது செலவில்லாதது, அலைச்சல் இல்லாதது. நேரத்துக்குச் சாப்பாடு. கிராமத்து வீடுகளில் இந்த மாதத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது, யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. உளுந்து எடுக்கிற நாட்களில் பெரியவர்கள் விடிவதற்குள் வயலுக்குப் போய்விடுகிறார்கள். வெயில் ஏறித்தான் திரும்புவார்கள். அதுவரை வீடு காலியாக, சத்தமில்லாமல் இருக்கும். அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டால் வேறு இடம் தேட வேண்டியதில்லை. மாடு இருக்கிற வீடு என்றால், மாற்றிக் கட்டுவது யார் என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சரியாகக் கணக்குப் போடும் நேரத்தில் அது கத்தும்.

வீட்டின் கஷ்டம் சத்தத்தில் இல்லை, அன்பில்தான் இருக்கிறது. பாட்டி அரை மணிக்கொரு தரம் வந்து, "ஏண்டா தம்பி, ஒரு வாய் மோராவது குடிச்சிட்டுப் படியேன்" என்பார். சென்னையிலிருந்து சித்தப்பா போன் செய்து, "என்ன மாப்ள, எவ்வளவு எதிர்பார்க்கலாம்?" என்பார். அவர் கேட்பது பாசத்தில்தான். ஆனால் பயந்த பிள்ளைக்கு அந்த ஒரு கேள்வி அரை நாளைத் தின்றுவிடும். தேர்வு முடியும்வரை உறவினர் போனை அம்மாவோ அப்பாவோ மட்டும் எடுப்பது என்று வைத்துக்கொள்ளும் வீடுகளில் இந்தத் தொல்லை பாதி குறைகிறது.

பங்குனியில் ஊர்த் திருவிழா வந்துவிட்டால் ஒலிபெருக்கி வேறு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. விழாக்களுக்கு அரசு விதிவிலக்கு கொடுப்பதும் உண்டு. சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போவதை விட, விழாக்குழுவில் இருக்கும் அண்ணன்களிடம் "தெருவில் மூணு பிள்ளைங்க பரீட்சை எழுதுது" என்று சொல்லிப் பார்ப்பது பலன் தருகிறது. குழாயை வேறு பக்கம் திருப்பிக் கட்டிவிடுவார்கள்.

தனியாகப் படிப்பதில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது: பிடித்த பாடத்தையே படித்துக்கொண்டிருப்பது. கும்பகோணத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன், கணக்கைத் தவிர மற்றதைத் தள்ளிவைத்ததால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பிறகும் எஃப்.ஏ. தேர்வில் (அந்தக் காலத்து இன்டர்மீடியட்) தேறவில்லை. அவர் ராமானுஜன், உலகம் அவரைத் தேடி வந்தது. நமக்கு ஆங்கிலத்திலும் 35 வேண்டும்.

பள்ளியில் இரவுப் படிப்பு

எங்கள் பக்கத்து அரசு, உதவிபெறும் பள்ளிகள் பலவற்றில் இது வழக்கம். மாலையில் கூடி, எட்டு அல்லது ஒன்பது மணி வரை உட்கார வைப்பது. நடுவில் சுண்டலோ டீயோ கிடைக்கும், பெரும்பாலும் யாராவது பழைய மாணவர் செலவில். ட்யூப் லைட்டைச் சுற்றிப் பூச்சி பறக்க, ஜன்னல் மேடையில் கொசுவத்தி புகைய, நாற்பது பிள்ளைகள் குனிந்து உட்கார்ந்திருக்கும் காட்சியைப் பார்த்தால் எந்தப் பெற்றோருக்கும் மனசு நிறைந்துவிடும்.

சுணக்கம் உள்ள பிள்ளைக்கு இதை விட நல்ல ஏற்பாடு இல்லை. எல்லாரும் படிக்கும்போது ஒருவன் மட்டும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சந்தேகம் கேட்க ஆசிரியர் பத்தடியில் இருக்கிறார். போன் பையோடு ஆபீஸ் ரூமில் கிடக்கிறது. வீட்டில் ஒரு மணி நேரம்கூட நிலையாக உட்காராத பையன்கள் இங்கே மூன்று மணி நேரம் உட்காருவதைப் பார்க்கிறேன்.

பயந்த பிள்ளைக்கு இதே அறை வேறு மாதிரி. மேற்பார்வைக்கு நடந்துகொண்டிருக்கும்போது கவனித்தால் தெரியும்: பக்கத்துப் பையன் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டதும் இவனும் புரட்டுவான். அந்தப் பக்கத்தைப் படித்து முடித்திருக்க மாட்டான், பின்தங்கிவிடுவோமோ என்று கை தானாகப் போகும். ஒரு மாணவி கண் கலங்கி எழுந்து வந்தாள்.

"சார், அவ அஞ்சு பாடம் முடிச்சுட்டா. நான் இன்னும் மூணுலயே நிக்கிறேன்."

"அந்த மூணு உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும் சார்."

"அப்ப நோட்டை மூடிட்டு, ரெண்டாவது பாடத்துலேர்ந்து ஒரு அஞ்சு மார்க் எழுதிக் காட்டு."

எழுதிக் காட்டினாள், முக்கால்வாசி சரி. முகம் தெளிந்துவிட்டது. அஞ்சு பாடம் முடித்தவளையும் அதே மாதிரி எழுதச் சொன்னேன். அவளுக்குத் தடுமாற்றம். 'முடித்தேன்' என்று பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் கண்ணால் ஓட்டி முடித்ததைத்தான்.

பெண் பிள்ளைகளுக்குக் கடைசி பஸ் ஒரு பெரிய கேள்வி. எட்டு மணிக்கு மேல் மினி பஸ் இல்லாத ஊர்கள் நிறைய. அப்பாவோ அண்ணனோ தினமும் வண்டியில் வந்து கூட்டிப்போக முடியுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஏழு மணியிலிருந்தே "இன்னைக்கு யார் வருவாங்க?" என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை எதையும் படிப்பதில்லை.

டவுன் டியூஷன்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, தஞ்சாவூர் என்று எந்த டவுனிலும் தேர்வுக் காலத்தில் 'டெஸ்ட் பேட்ச்' நடக்கும். தினமும் ஒரு தேர்வு, அன்றே திருத்தித் தருவார்கள். இதில் உண்மையான பலன் உண்டு, மறுக்க மாட்டேன். எழுதிப் பழகுவதை விட நல்ல தயாரிப்பு வேறு இல்லை.

ஆனால் போகவர பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போகிறது என்றால் கணக்கு உதைக்கிறது. மார்ச் வெயிலில் நின்றுகொண்டே வந்து இறங்கிய பிள்ளை அடுத்த ஒரு மணி நேரம் படுக்கத்தான் செய்யும். அப்புறம் அந்த மார்க் பட்டியல். பொதுத்தேர்வில் ரேங்க் அறிவிப்பதையே தமிழ்நாடு 2017-ல் நிறுத்திவிட்டது. சில டியூஷன்களில் மட்டும் அது சுவரில் இன்னும் தொங்குகிறது. பயந்த பிள்ளையை இந்தச் சுவருக்கு அனுப்பாதீர்கள். கொஸ்டின் பேப்பரை மட்டும் வாங்கி வந்து வீட்டில் மணி பார்த்து எழுதச் சொன்னால் போதும்.

நூலகம்

இதைத்தான் நம் பக்கத்தில் யாரும் யோசிப்பதில்லை. மாவட்ட மைய நூலகமோ ஊரின் கிளை நூலகமோ இருந்தால் ஒரு நாள் போய்ப் பாருங்கள். ஃபேன், மேஜை, குடிதண்ணீர் இருக்கும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அண்ணன்களும் அக்காக்களும் பக்கத்தில் இருப்பார்கள். அவர்கள் படிப்பது டி.என்.பி.எஸ்.சி., நீங்கள் படிப்பது இயற்பியல். ஆகவே ஒப்பிட்டுப் பதற எதுவும் இல்லை, படிக்கும் சூழல் மட்டும் கிடைக்கிறது. பயம், சுணக்கம் இரண்டுக்கும் ஓரளவு சரிப்பட்டு வருகிற இடம் என்று ஒன்றைக் கை காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

குறைகளும் உண்டு. வெள்ளிக்கிழமை பொதுவாக விடுமுறை. சின்ன ஊர்க் கிளைகளில் நேரம் குறைவு, இடமும் நெருக்கடி. வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஆகாது. தமிழ்ச் செய்யுளை மனசுக்குள் மட்டும் ஓட்டிப் படிக்க எல்லாராலும் முடிவதில்லை. ஒரு விஷயம், தஞ்சாவூரில் நூலகம் என்றதும் வெளியூர் உறவினர் சரஸ்வதி மகாலைச் சொல்வார்கள். அது அரண்மனை வளாகத்தில் ஓலைச்சுவடிகளுக்குப் பேர்போன இடம், பிளஸ் டூ கைடை விரித்து உட்கார அல்ல.

பம்புசெட், ஆற்றங்கரை, கோயில்

தென்னந்தோப்புக்குள் ஒரு மோட்டார் கொட்டகை, தொட்டியில் ஒரு முங்கு, பிறகு கயிற்றுக் கட்டிலில் புத்தகம். சொல்லும்போதே ஆசையாக இருக்கிறது அல்லவா? பயந்த பிள்ளைகளுக்கு உண்மையிலேயே நல்ல இடம். மோட்டார் சத்தம் ஒரே சீராக ஓடுவதால் தொந்தரவாகத் தெரிவதில்லை. சில தோப்புகளில் டவர் கிடைக்காது, அது கூடுதல் லாபம். வாட்ஸ்அப் குரூப்பில் "நாளைக்கு வரப்போற கொஸ்டின் இதுதான்" என்று சுற்றும் வதந்தி அங்கே எட்டாது. சுணக்கமுள்ளவன் மட்டும் போகக் கூடாது. கட்டிலைப் பார்த்ததும் அவன் கதை முடிந்தது. ஸ்டார்ட்டர் பெட்டி பக்கம் ஈரக் கையோடு போகாமல் இருப்பதும், உட்காரும் முன் கட்டிலுக்கு அடியில் ஒரு பார்வை பார்ப்பதும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆற்றங்கரை என்றால் கதைகளில் வருவதுதான். மார்ச்சில் காவிரி பெரும்பாலும் மணல். காலை ஏழரைக்கு மேல் அங்கே உட்கார முடியாது. அதற்குமுன் ஒரு நடை போய்வரலாம், அவ்வளவுதான். ஊர்க் கோயில்களோ உச்சிக்கால பூஜை முடிந்ததும் நடை சாத்திவிடும்.

பாட்டி ஊருக்குப் போய்ப் படிக்கிறேன் என்று கிளம்புபவர்களுக்கு ஒன்றே ஒன்று: தேர்வு மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று முதலில் பாருங்கள்.

விடியற்காலையா, இரவா?

இது இடத்தை விட அதிகமாக விவாதிக்கப்படுகிறது. நாலு மணிக்கு எழுந்தால்தான் மனசில் தங்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த வாதம் வேறு. தேர்வு காலையில் நடக்கிறது. 10 மணிக்கு வினாத்தாள் கொடுத்து, படிக்கப் பத்து நிமிடம், விவரங்கள் நிரப்ப ஐந்து நிமிடம் போக, 10.15 முதல் 1.15 வரை எழுத வேண்டும். இரண்டு மணிவரை விழித்துப் படித்துவிட்டுக் காலை பத்துக்கு எழும் பழக்கம் உள்ளவனுக்கு, தேர்வன்று பத்தேகால் என்பது அரைத் தூக்க நேரம். அவன் மூளை இரவு பதினொன்றுக்குத்தான் சூடுபிடிக்கும், அந்நேரம் அவனுக்கு யாரும் வினாத்தாள் தரப்போவதில்லை.

அதனால் இரவில் படிப்பதே சரிப்படும் என்பவர்கள்கூட, ஸ்டடி லீவின் கடைசி வாரத்திலாவது காலை பத்திலிருந்து ஒன்றேகால் வரை ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுதிப் பழகுங்கள். எந்த மணிக்கு எழுந்தாலும் சரி, தூக்கத்தைக் குறைக்காதீர்கள். படித்தது மனசில் படிவதற்கு உறக்கமும் வேண்டும்.

எந்த இடமானாலும்

2006-ல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பத்தியை மாணவர்களில் ஒரு பகுதியினர் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பகுதியினர் படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே அதிகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ். பார்க்காமல் எழுதியவர்கள்தான் முந்தினார்கள். திரும்பப் படித்தவர்கள் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று முன்பே நம்பியிருந்தார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை.

நான் இரவுப் படிப்பில் பார்ப்பதும் இதுதான். ஆகவே இந்த இடங்களில் எதில் உங்களால் புத்தகத்தை மூடிவைத்து எழுத முடிகிறதோ அதற்கு ஒரு மார்க் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். சுணக்கம் வரும் நாளில் ஒரு மார்க் கேள்விகளில் தொடங்கலாம். பிளஸ் டூ கணக்கில் 90-க்கு 20, இயற்பியல், வேதியியலில் 70-க்கு 15 ஒரு மார்க் வினாக்கள்தான். பத்து எழுதி முடித்தால் அடுத்ததற்குக் கை தானாகப் போகும்.

பயம் வரும் நாளில் கூட்டல் போட்டுப் பாருங்கள். பிளஸ் டூவில் செய்முறை உள்ள பாடத்தில் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 பிப்ரவரியிலேயே முடிந்துவிடுகிறது. தேர்ச்சிக்கு மொத்தம் 35 வேண்டும், எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 எடுத்திருக்க வேண்டும். கையில் இருப்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தால், "ஃபெயில் ஆயிடுவேனோ" என்ற பூதம் பாதிப் பேருக்கு அங்கேயே சுருங்கிவிடும். அதையும் மீறிப் படபடப்பு வந்தால், தேர்வுக்கு முன் பத்து நிமிடம் மனசில் உள்ள கவலையை ஒரு தாளில் கொட்டி எழுதலாம். ராமிரெஸ், பெய்லாக் என்பவர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், அதிகம் பதறும் மாணவர்களுக்கு இது மார்க்கிலேயே பலன் தந்தது. எழுதிய தாளை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை.

அப்படியானால் எது?

பயந்த பிள்ளைக்கு நான் சொல்வது: பகலில் வீடு அல்லது தோப்பு, வாரத்தில் இரண்டு மாலை மட்டும் பள்ளி, அதுவும் தேர்வு எழுதிப் பார்க்க. கூட்டத்தில் உட்கார்ந்து எழுதுவது முற்றிலும் பழகாமல் போனால் தேர்வு அறையே புதிதாகத் தெரியும், அதனால்தான் அந்த இரண்டு மாலை. சுணங்கும் பிள்ளைக்கு: பகலில் நூலகம், மாலையில் இரவுப் படிப்பு, வீடு தூங்க மட்டும். கூடப் படிக்க ஒரே ஒரு நண்பன் போதும். நாலு பேர் சேர்ந்தால் அது திண்ணைப் பேச்சு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இடத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். "பக்கத்து வீட்டுப் பொண்ணு அங்கதான் போறா" என்பது காரணமாகாது. நம் பிள்ளை பயந்த ரகமா, சுணங்கும் ரகமா என்று தெரியாவிட்டால் வகுப்பாசிரியரைக் கேளுங்கள், அநேகமாகச் சொல்லிவிடுவார்.

இடத்தை மாற்றுவதானால் முதல் தேர்வான தமிழுக்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு தேர்வுகளுக்கு நடுவில் வேண்டாம். ஒரு தாள் சரியாக எழுதவில்லை என்றதும் "இந்த இடம்தான் ராசியில்லை" என்று கிளம்பும் வீடுகள் உண்டு. பள்ளி வாசலில் நின்று விடைகளைச் சரிபார்க்காமல் நேராக வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, அதே இடத்தில் அடுத்த புத்தகத்தை எடுப்பது மேல்.

ஒரே ஒரு விதிவிலக்கு. பிள்ளை தொடர்ந்து சாப்பிடவில்லை, தூங்கவில்லை, பேச்சு குறைந்துவிட்டது என்றால் அது இடம் மாற்றிச் சரியாகும் விஷயம் இல்லை. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே கூப்பிடுங்கள். தவறினால் எழுத அந்த வருடமே துணைத்தேர்வு இருக்கிறது என்பதையும் அந்தப் பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.